அப்பாவிடம் சொல்லிவிட்ட அம்மையாருக்கு

பட்டுப் பிரிவின் பெட்டகமே! பொறுமைக்குப் பொருள் தந்த பெருந்தகையே! மாம்பழ நிறம் கேட்டு வந்தவரை மயில்கழுத்து நிறத்தோடு மனம் குளிர அனுப்பிவைக்கும் மாயமே! கோடம்பாக்கம் தந்த கோமகளே! தியாகராய நகர் கருணாகரன் ஜவுளி மாளிகையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சேலை பிரித்து, சிரித்து, மடித்து, மறுபடியும் பிரித்து, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் அன்பு அக்கா, திருமதி கிருபைமணி அம்மையார் அவர்களே! எங்கள் அனைவரின் பணிவான வணக்கம். ‘ஸ்தோத்திரம்’ என்று தொடங்கினால் தாங்கள் மகிழ்வீர்கள் என்று தையல் பிரிவு ஷரஃபுதீன் மாஸ்டர் யோசனை சொன்னார். தமிழில்தான் தொடங்குவேன் என்று நான் பிடிவாதமாக மறுத்துவிட்டேன்.

நான் என்பது யார் என்று அவையோர் கேட்கலாம். காசாளர் முத்துகிருஷ்ணன். மடல் எழுதுகிறவன் ‘நான்’ என்று எழுதக் கூடாது, ‘நாங்கள்’ என்றே எழுத வேண்டும் என்பது மரபு. இயன்றவரை காப்பாற்றப் பார்க்கிறேன். கடவுள் இல்லை என்பது அடியேனின் அசையாத கொள்கை. ஆயுத பூஜையன்று பொரி மட்டும் வாங்கிக்கொள்வேன். பொரி ஓர் உணவுப் பொருள். அப்படிப்பட்டவனிடம் போய், ஆண்டவரை அடுத்த அறையில் இருப்பவர்போல் அழைத்துப் பேசும் அம்மையாருக்கு மடல் எழுதச் சொன்னது இந்தக் கடை ஊழியர்களின் குறும்பு. கணக்கர் ஸ்ரீனிவாசராகவனிடம் கொடுத்திருக்கலாமே என்றேன். அவர் எழுதினால் பாதி சமஸ்கிருதமாகிவிடும், மீதியில் எல்லோரும் தூங்கிவிடுவோம் என்றார்கள். அவரும் இங்கேதான் அமர்ந்திருக்கிறார், மறுக்கவில்லை.

அன்பின் அருவியே! தங்கள் திறமைகளை அடுக்கத் தொடங்கினால் அடுத்த தீபாவளி வந்துவிடும். மலைபோல் சேலையைப் பிரிக்கவைத்துவிட்டு ‘வேற கலர் இல்லியா?’ என்று கேட்கும் வாடிக்கையாளரிடமும் முகம் சுளிக்காத முதுபெரும் பண்பு. கல்யாணக் கூட்டத்தில் காசு கொடுக்கப்போவது யார் என்று கண் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்ளும் கூர்மை. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே சேலை பிடித்துப்போனால் இருவரையும் சமாதானம் செய்து இரண்டு சேலையாக விற்றுவிடும் வல்லமை! ஆயினும் இவையெல்லாம் ஜவுளிக்கடையில் நெடுநாள் நின்ற பலருக்கும் கைவருபவை. தங்களுக்கே உரிய தனிப்பெருஞ்சொத்து ஒன்று உண்டு. அது ‘அப்பா’.

கடைக்குப் புதிதாக வருவோர் எல்லோரும் முதல் வாரத்தில் ஏமாந்துபோவார்கள். ‘அப்பா, அந்த அம்மாவுக்கு அரக்குக் கலரு கெடச்சிடணும்பா’ என்று அலமாரியைப் பார்த்துச் சொல்வீர்கள். ‘அப்பா, மழ நிக்கட்டும்பா, பாவம் கொழந்தையோட வந்துகீது’ என்று வாசலைப் பார்த்துச் சொல்வீர்கள். கண்ணை மூடுவதில்லை, கையைக் கூப்புவதில்லை. வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டேகூட வேண்டுதல் நடக்கும். யாரிடம் பேசுகிறீர்கள் என்று அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அக்கா அவங்க சாமிகிட்டப் பேசறாங்க, நீ சேலையை மடி என்று நாங்கள் விளக்குவோம்.

ஆடித் தள்ளுபடியின்போது மின்தூக்கி இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோன கதையை இந்த அவையில் சொல்லாமல் விட முடியாது. உள்ளே தாங்கள், ஸ்ரீனிவாசராகவன், நான், சேலைக்கட்டு ஒன்று. ஸ்ரீனிவாசராகவன் சுவரைப் பிடித்துக்கொண்டு, “பெருமாளே, ஆத்துல சொல்லிண்டுகூட வரலையே!” என்று புலம்பினார். பகுத்தறிவாளனாகிய நான் இருக்கிற பொத்தான்களையெல்லாம் மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தேன். தாங்களோ சேலைக்கட்டின் மீது அமர்ந்து, “அப்பா, லிஃப்டு நின்னுபோச்சுப்பா. பெரியவருக்கு சுகரு வேற கீது. சீக்கிரம் ஆளனுப்பு” என்று சொல்லிவிட்டு உறங்கிப்போனீர்கள். நடிப்பல்ல, குறட்டையே வந்தது. கதவு திறந்து ஆள் எட்டிப் பார்த்ததும், “பாத்தியாண்ணா, அப்பா ஆளனுப்பிட்டாரு” என்றீர்கள். அனுப்பியது பராமரிப்பு நிறுவனம், அதற்குக் கடை கட்டணம் கட்டுகிறது என்று நான் விளக்கினேன். “கட்டிட்டாப்புல உடனே வந்துடுவானா அவன்?” என்று கேட்டீர்கள். அந்த நிறுவனத்தை நன்கறிந்த காரணத்தால், சேலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு நான் வெளியே இறங்கிவிட்டேன்.

விளையாட்டுப் பேச்சு என்று இதை யாரும் எண்ணிவிட வேண்டாம். தங்கள் கணவர் இளமையிலேயே மறைந்து, துக்கம் கழிந்து தாங்கள் கடைக்குத் திரும்பிய காலையில், என்ன சொல்வதென்று தெரியாமல் நாங்கள் ஒதுங்கி நின்றோம். “இன்னாத்துக்கு எல்லாரும் மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கீறீங்க? அப்பா கீறாரு” என்று சொல்லி, அழுத கண்ணோடு அலமாரியைத் திறந்தீர்கள். நானும் அங்கே நின்றேன். கொள்கையை ஓரம் வைத்துவிட்டு, மேல்தட்டுச் சேலைகளை எடுத்துக் கொடுத்தேன்.

இனி, போன ஆண்டு நடந்த அந்தப் பெருங்கூத்துக்கு வருகிறேன். நம் முதலாளி கருணாகரன் அண்ணாச்சிக்கு இதய அறுவை சிகிச்சை நடந்து, மயிலாப்பூர் வீட்டில் ஓய்வெடுக்கும்படி மருத்துவர் சொல்லிவிட்டார். கடைப் பேச்சே காதில் விழக் கூடாது என்பது கட்டளை. நிர்வாகம் அவர் மகன் ஹரி தம்பியின் கைக்கு வந்தது. வந்த வேகத்தில் தம்பி ஒரு முடிவெடுத்தார்: நான்காம் மாடித் தையல் பிரிவை மாதக் கடைசியோடு மூடிவிடுவது, வேலையை வெளியாளிடம் கொடுப்பது. கண்ணாடிக் கதவு போட்ட தம் அறைக்கு மாஸ்டரையும் அவரிடம் தைக்கும் அன்வரி பேகத்தையும் கூப்பிட்டு மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகச் சொன்னாலும் வேலை போனது போனதுதானே!

மாஸ்டருக்கு ஓய்வு பெறும் வயது நெருங்குகிறது. இன்னொரு கடை அவரைச் சேர்த்துக்கொள்ளாது. அன்வரி பேகத்தின் குடும்பத்தில் அந்தத் தையல் இயந்திரம் ஒன்றுதான் சம்பாதிக்கிறது. உடன் வேலை செய்யும் மற்றப் பெண்களும் அப்படித்தான். நாங்கள் பதறிப்போனோம். நான் அடுக்குமொழியில் அருமையான விண்ணப்பம் ஒன்று தீட்டினேன். தம்பிக்குத் தமிழ் படிக்க வராது என்பது கொடுத்த பிறகுதான் தெரிந்தது. ஸ்ரீனிவாசராகவன் வரவு செலவை விளக்கப் போய், மூடுவதே நல்லது என்று தம்பிக்குத் தோன்றும்படி விளக்கிவிட்டு வந்தார். தாங்கள் மட்டும் வழக்கம்போல், “அப்பாகிட்ட சொல்லிட்டேன், பாத்துக்குவாரு” என்று சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. “உங்க அப்பா ஒருவேள மறந்துட்டா என்னக்கா பண்றது?” என்று அன்வரி பேகமே அழுதுகொண்டு கேட்டார். “மறந்தா ஞாபகப்படுத்த மாட்டனா? தெனமும் பேசிக்கினுதான கீறேன்” என்றீர்கள்.

கடையில் மூத்தவர் என்பதால், எந்தத் தையல் இயந்திரம் விலை போகும் என்று கேட்கத் தம்பி தங்களைத் தம் அறைக்கு அழைத்தார். கதவைச் சரியாகச் சாத்தவில்லை. வெளியே நானும் அன்வரி பேகமும் நின்றிருந்தோம். ஒட்டுக்கேட்கவில்லை, காதில் விழுந்தது. விழுந்ததை விழுந்தபடி இங்கே தருகிறேன்.

“தம்பி, மிஷினெல்லாம் விக்க வாணாம். நான் அப்பாகிட்ட சொல்லிட்டேன். அப்பாவுக்கு இதுல இஷ்டமில்ல.”

தம்பியின் குரல் மாறியது. “அப்பாகிட்டயா? எப்ப சொன்னீங்க?”

“இன்னிக்குக் காலைலதான். டெய்லி அஞ்சு மணிக்கெல்லாம் பேசுவனே.”

“டெய்லி பேசறீங்களா! அப்பா பேசறாரா உங்ககிட்ட?”

“நான்தான் பேசிக்கினு கெடப்பேன். அவரு கேட்டுக்குவாரு. எப்பனாச்சும் ஒரு வார்த்த சொல்லுவாரு.”

அவையோரே, தமிழில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய அப்பா என்று சொல்லாமல் ‘அப்பா’ என்று சொன்னால், பெரும்பாலும் கேட்கிறவருடைய அப்பாவையே குறிக்கும். ‘அப்பா சௌக்கியமா?’ என்று யாரும் தம் அப்பாவைப் பற்றி அடுத்தவரிடம் கேட்பதில்லை. முதலாளி மகனிடம் நின்று, ‘அப்பாகிட்ட சொல்லிட்டேன்’ என்றால் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? தங்கள் வழக்கம் அறியாத தம்பி, அண்ணாச்சியிடம் தாங்கள் நாள்தோறும் புகார் சொல்லிவருவதாக நினைத்துக்கொண்டார். எனக்கு அது அப்போதே புரிந்துவிட்டது. உண்மையை உரக்கச் சொல்வது என் பிறவிக் குணம். கதவைத் தள்ளக் கை வைத்தேன். அன்வரி பேகம் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “அண்ணே, உங்க உண்மைய அடுத்த மாசம் சொல்லிக்கலாம். இப்ப சும்மா கெடங்க!” என்று பல்லைக் கடித்தார்.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு தம்பி, வேறொரு குரலில், “அக்கா... என்னைப் பத்தி எதாவது சொன்னாரா?” என்று கேட்டார்.

“ஏன் சொல்லாம? நீன்னா உசுரு தம்பி அவருக்கு! அப்டி ஒரு பாசம்!” என்றீர்கள் தாங்கள், சேலையின் விலை சொல்வதுபோல் சட்டென்று.

அதன் பிறகு தம்பி இயந்திரத்தைப் பற்றிப் பேசவில்லை. கார் சாவியை எடுத்துக்கொண்டு, எங்களைத் தாண்டி, எங்களைப் பார்க்காமலே படியிறங்கிப் போய்விட்டார். இத்தோடு எல்லோருக்கும் வேலை போயிற்று என்று நான் அன்வரி பேகத்திடம் சொன்னேன்.

மயிலாப்பூர் வீட்டில் நடந்ததை எங்களுக்குச் சொன்னவர், இதோ முன்வரிசையில் வீற்றிருக்கும் முதலாளியம்மா முத்துலட்சுமி அவர்கள். தப்பிருந்தால் அவர்களே திருத்தட்டும். தம்பி உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக, “ஏம்ப்பா, எங்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டீங்க, கிருபை அக்காகிட்ட மட்டும் தினமும் காலைல அஞ்சு மணிக்குப் பேசுவீங்களா?” என்று கேட்டிருக்கிறார். அண்ணாச்சி வாய் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டார்கள். “அஞ்சு மணிக்கா? நான் வாசல்ல கோலம் போடப் போற நேரமாப் பாத்தா? என்னங்க இது, இந்த வயசுல, நெஞ்சுல தையல் போட்டுக்கிட்டு!” என்று கையிலிருந்த கரண்டியோடு வந்து நின்றார்கள்.

அண்ணாச்சி திகைத்து, பிறகு விளங்கி, வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறார். தையல் வலிக்கிறது என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை. “ஏல கூறுகெட்டவனே! அவ சொன்ன அப்பா நான் இல்லல. அவ சர்ச்சுக்குப் போற வேதக்காரில்லா? சாமியத்தான் அப்பான்னு கூப்பிடுவா. சேர்ந்த நாள்ல இருந்து அப்படித்தான் கூப்பிடுதா!”

அம்மா கரண்டியைத் தாழ்த்தினார்கள். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, “அப்ப நான்னா உசிருன்னு சொன்னதும்... நீங்க இல்லையா?” என்று கேட்டாராம். அண்ணாச்சியின் சிரிப்பு அடங்கிவிட்டது. அப்பனும் மகனும் கடையைத் தவிர வேறு எதையும் என்றுமே பேசிக்கொண்டதில்லை. கடைப் பேச்சு கூடாது என்று மருத்துவர் சொன்ன நாள்முதல் ‘சாப்ட்டியா’, ‘சாப்ட்டீங்களா’ என்பதற்கு மேல் இருவருக்கும் வார்த்தை கிடைக்கவில்லை. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். “அத யாரு சொன்னா என்னல. அதுல பொய் ஒண்ணும் இல்ல” என்றார்.

பிறகு, “தையல் பிரிவ எதுக்கு மூடுத?” என்று கேட்டார். “லாபம் காட்டத்தான்பா. நீங்க ஒருநாளாவது நல்லாருக்குன்னு சொல்லுவீங்கன்னு” என்று தம்பி சொன்னதும், மருத்துவர் கட்டளை மயிலாப்பூர்க் குளத்தில் மூழ்கியது. இருவரும் மதியச் சாப்பாட்டையும் மறந்து கடைப் பேச்சே பேசியிருக்கிறார்கள். அம்மா பயந்துபோய் இரத்த அழுத்தம் பார்த்தால், அறுவை சிகிச்சைக்குப் பிறகு அன்றுதான் அது சரியாக இருந்ததாம். மறுநாள் தம்பி நான்காம் மாடிக்கு ஏறிவந்தார். காலையில் சேலை வாங்குவோருக்கு மாலையில் ரவிக்கை தைத்துக் கொடுக்க முடியுமா என்று மாஸ்டரைக் கேட்டார். முடியும், ஆனால் இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்றார் மாஸ்டர். அன்வரி பேகம் துணிக்குவியலில் முகத்தைப் புதைத்து அழுததைக் கண்டு, தம்பி ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று விழித்துக்கொண்டு நின்றார்.

இவ்வளவும் நடந்த பிறகு, உண்மையைத் தங்களிடம் உடைத்துச் சொல்லும் கடமையை நான் ஏற்றுக்கொண்டேன். “அம்மா, இதில் தெய்வச் செயல் ஏதுமில்லை. தம்பி தம் அப்பா என்று நினைத்துக்கொண்டார். நடந்தது ஒரு சொல் மயக்கம்” என்று இலக்கணத்தோடு எடுத்துரைத்தேன். தாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். “அய்யே! அதான் என்னைப் பத்தி இன்னா சொன்னாருன்னு கேட்டுச்சா புள்ள! நான் எல்லாருக்கும் சொல்றதத்தான சொன்னேன்! அப்பாவுக்கு இன்னா குறும்பு பாத்தியாண்ணா!” என்றீர்கள். அப்பாவின் குறும்பில்லை அம்மா, தமிழின் தன்மை என்றேன். “அந்தத் தமிழ யாரு குட்த்தாங்கோ?” என்றீர்கள். தமிழைப் பற்றிக் கேட்டுவிட்டதால் என்னால் கோபித்துக்கொள்ளவும் இயலவில்லை.

அத்தோடு விட்டீர்களா? “உன் மேலயுந்தாண்ணா உசுரு அவருக்கு” என்று என்னையும் இழுத்தீர்கள். நான் அவரை நம்பவே இல்லையே என்றேன். “அது உன் பிரச்சன. அவருக்கு இன்னா?” என்று கேட்டுவிட்டு, அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டீர்கள். நானும் எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேருக்குப் பதில் சொன்னவன். அந்தக் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பாசத்தின் பிறப்பிடமே! பயமறியாப் பிள்ளை மனமே! தாங்கள் ஓய்வு பெறுவது எங்களுக்கு வருத்தமே. இதை அடுக்குமொழியில் சொல்ல முயன்றேன், வரவில்லை. வருத்தமாக இருக்கிறது, அவ்வளவுதான். தங்கள் முழங்கால் வலி முற்றும் நீங்குக! ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கடைக்கு ஓடிவரும் அவசரம் இனி இல்லாமல் போகுக! விருப்பம்போல் உறங்கி, விரும்பியதை உண்டு, பேரப்பிள்ளைகளோடு பேசிச் சிரித்து நெடுங்காலம் நலமாக வாழ்க! என்றேனும் ஒருநாள் வாடிக்கையாளராக வந்து, இருக்கிற சேலை அத்தனையையும் எங்களைப் பிரிக்கவைத்து, ‘வேற கலரு இல்லியா?’ என்று கேட்டு, ஒன்றும் வாங்காமல் எழுந்துபோகும் உரிமையை இக்கடை ஊழியர் அனைவரும் ஒருமனதாகத் தங்களுக்கு வழங்குகிறோம். தம்பியும் ஒப்புதல் தந்துவிட்டார்.

ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும். இம்மடலை நான் படிக்கும்போது ஒலிபெருக்கியையும் மீறி மேலிருந்து தையல் இயந்திரங்களின் தடதடவென்ற சத்தம் வருகிறது. நாளைக் காலை முகூர்த்தமாம், மணமகள் ரவிக்கைக்காக மேலேயே காத்திருக்கிறாளாம். அதனால் மாஸ்டரும் அன்வரி பேகமும் மற்றவர்களும் விழாவுக்கு இறங்கிவர முடியவில்லை. வேறொரு நாளாக இருந்தால் நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டிருப்பேன். இன்று அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று இருக்கிறது அம்மா. அந்தச் சத்தத்தைக் கேட்கும்போது யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும்போல் மனம் தவிக்கிறது. கொள்கைப்படி எனக்கு அங்கே சொல்ல ஆளில்லை. ஆகவே தங்களிடமே சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை அஞ்சு மணிக்குப் பேசும்போது, முத்துகிருஷ்ணன் சொன்னான் என்று சொல்லிவிடுங்கள்.

இங்ஙனம்,
தங்களை விட மனமில்லாத
கருணாகரன் ஜவுளி மாளிகை ஊழியர்கள்,
தியாகராய நகர், சென்னை.

(நான்காம் மாடியினர் கையொப்பம், ரவிக்கை முடிந்த பின்.)